முதியோர் வழக்குகளை நம்பித் தொழில் நடத்த முடியுமா?

கேள்வி: நான் வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். லுங்கி நெய்து சேர்த்த பணத்தில் கட்டிய வீட்டை என் பாட்டி, மாமாவின் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாமா அவரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். முதியோருக்காக மட்டுமே வழக்கு நடத்தும் வழக்கறிஞராக வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கெனத் தனிப் படிப்பு உண்டா? பிழைப்புக்கு வழியுண்டா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அமெரிக்காவில் முதியோர் சட்டம் ஒரு தனித் துறை, அதில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் அமைப்பும் அங்கே உண்டு. நம் நாட்டில் அப்படியொரு சான்று கிடையாது. பட்டம் பெற்றபின் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய பார் தேர்வை எழுதுவதுதான் எல்லோருக்கும் உள்ள வழி. பொதுப் பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அந்தச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

ஆனால் இத்துறையில் ஒரு முரண் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்பதே நம் தொழிலின் முதுகெலும்பு. அதன் 17ஆம் பிரிவோ, இச்சட்டப்படி கோட்டாட்சியர் முன் நடக்கும் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்கிறது. எல்லா நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் ஆஜராகும் உரிமையை வழக்கறிஞருக்குத் தரும், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011இல் நடைமுறைக்கு வந்தபின் இந்தத் தடை நிற்காது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருந்தாலும், கோட்டாட்சியர் முன்னிலையில் முதியவர் தாமே பேசுவது அல்லது மாவட்டச் சமூக நல அலுவலரின் துணையைக் கோருவது என்பதே சட்டம் வகுத்த முறை. ஆகவே முதியோர் வழக்கறிஞரின் முதன்மையான வேலை நடப்பது தீர்ப்பாயத்தில் அன்று. சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள், பத்திரத்தின் வாசகம் எழுதப்படும் மேசையில்தான்.

உங்கள் பாட்டியின் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். “என்னை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? அப்படி எழுதி வாங்கியவர் அதைக் காப்பாற்றாவிட்டால், அந்தப் பரிமாற்றம் செல்லாது என 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அத்தகைய நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. ஆனால் 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், தானப் பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாதபோதும் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியை ஏற்று, முதியோர் நலனுக்கான சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறிச் சொத்தைத் தாயிடமே ஒப்படைக்கச் செய்தது. எனவே பத்திரத்தில் இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். அந்த நாளில் மாமா எழுதிக் கொடுத்த காகிதம் ஏதேனும் உண்டா, வாக்குக் கொடுத்ததைக் கேட்ட சாட்சி உண்டா என்று தேடுங்கள்.

தயவுசெய்து இந்த ஒரு பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே கைக்கொள்ளுங்கள். பத்திரம் எழுத வரும் முதியவரிடம், அழைத்து வந்த பிள்ளையை வெளியே அமர வைத்துவிட்டு, தனியாகப் பேசுங்கள். கட்டணம் கொடுப்பவர் மகனாக இருக்கலாம். கட்சிக்காரர் அந்த முதியவர்தான். மகன் அருகில் இருந்தவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள், கதவு சாத்தியதும் அழுததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பே மாதம் 10,000 ரூபாய் என்னும்போது, அதைக் கேட்டு வருபவரிடம் பெரிய கட்டணம் எதிர்பார்க்க முடியாது. முதல் சில ஆண்டுகள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு நல்ல சிவில் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை வழக்குகளைக் கற்றுக்கொள்ளுங்கள். முதியோரின் சிக்கல்களில் பெரும்பங்கு அங்கிருந்தே கிளைக்கிறது. குடும்பம் நடத்தும் வருமானமும் அதிலிருந்தே வரும்.

பாட்டி இப்போது உங்கள் வீட்டில் வசிப்பதால், குடியாத்தம் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். பராமரிப்பு கேட்கும் மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. சிறப்புக் காரணம் இருந்தால் 30 நாள் நீட்டிக்கலாம். ஆணை பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் கையொப்பமிட வேண்டியவர் பாட்டி. அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்க இறுதியாண்டு மாணவியான நீங்களே போதும்.