கேளும், சொல்கிறேன்: பாண் விலையில் புகுந்த பேய்

கேள்வி: சேர், மாமாவின் கடைக்கு சி மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். பாண் விலை 185.50 ரூபாவைத் தசம எண்ணுக்கான ஃப்ளோட் (float) மாறியில் வைத்து, திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் (printf) முழு எண்ணுக்கான %டி (%d) போட்டேன். ஓட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. ஏன்?
– மாணவன், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கணினிக்குப் பைத்தியமில்லை. பிரிண்ட்எஃப்புக்கு நீர் அனுப்பிய மாறியின் வகை தெரியாது; மேற்கோளுக்குள் எழுதியதை அப்படியே நம்பும். ஃப்ளோட் போகும் வழியிலேயே டபிளாகிவிடும் (double, இன்னும் பெரிய தசம எண் வகை). இன்றைய பல 64-பிட் கணினிகளில் தசம எண் ஒரு ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) போகும், %டியோ முழு எண்ணுக்கான வேறொன்றைத் தட்டிப் பார்க்கும். அங்கே கிடந்த குப்பைதான் உமது பாண் விலை!

%8.2எஃப் (%8.2f) போடும்: மொத்தம் 8 இடம், புள்ளிக்குப் பின் 2 இலக்கம். 185.50 புள்ளியோடு 6 இடம். முன்னால் 2 வெற்றிடம் விட்டு, விலைகள் வலப்பக்கம் ஒரே நேராக நிற்கும். டபிளை அச்சிடவும் %எஃப் போதும். ஸ்கேன்எஃப்பில் (scanf) வாசிக்க மட்டும் %எல்எஃப் (%lf) வேண்டும். (இந்த ஓரவஞ்சனையால் கொட்டாஞ்சேனை டியூஷன் வகுப்பில் ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைப் பிய்த்தவன் நான்.)

புரோகிராமைத் தொகுக்கும் ஜிசிசியை (gcc) மைனஸ் டபிள்யூ-ஆல் (-Wall) என்ற எச்சரிக்கை விருப்பம் சேர்த்து ஓட்டிப் பாரும், பிழையான வரியைக் காட்டித் தரும். மாமா 10% கழிவு கொடுப்பவரென்றால், அந்தக் குறியை அச்சிட %% என்று இரண்டு தடவை போட வேண்டும்.