இலவசம் என்பது அனுமதி ஆகாது

போக்கிமான் பாத்திரங்களை வைத்து மூன்று ஆண்டுகளாக நீங்கள் உருவாக்கிவரும் விளையாட்டை இலவசமாக வெளியிட்டால் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். காசு வாங்காதது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டை (அனுமதியின்றிப் பிறர் படைப்பைப் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) எடைபோடும் 4 அம்சங்களில் ஒன்றின் ஒரு பகுதிதான் லாபநோக்கம்.

ரசிகர்கள் உருவாக்கிய 'போக்கிமான் யுரேனியம்' விளையாட்டு 9 ஆண்டு உழைப்பு. 2016 ஆகஸ்டில் இலவசமாகத்தான் வந்தது. சுமார் 15 லட்சம் பதிவிறக்கங்கள் ஆன நிலையில், போக்கிமானின் உரிமையாளர்களில் ஒன்றான நின்டெண்டோ தரப்பு வழக்கறிஞர்களின் அறிவிப்புகளால் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தன் 'சோனிக்' விளையாட்டின் ரசிகர்களையே அழைத்து உருவாக்கி, 2017இல் 'சோனிக் மேனியா'வை வெளியிட்ட சேகா நிறுவனம் ஒரு விதிவிலக்கு.

வெளியிடும் முன்பே பெயர், உருவங்கள், இசை மூன்றையும் மாற்றிவிடுங்கள். விளையாட்டு விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்களே எழுதிய நிரலும் கதையும் உங்களிடமே இருக்கும்.