காற்றுக்குழாய்க்குள் காவல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஒவ்வோர் அறையின் மேற்கூரையிலும் புகை உணரி இருக்கிறது. அப்படியிருந்தும், குளிர்சாதனக் காற்று செல்லும் டக்டுக்குள் தனியாக ஒன்று பொருத்த வேண்டும் என்று பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இது தேவையற்ற செலவு இல்லையா?

பதில்: இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு. அறையில் உள்ள உணரி அங்கே இருப்பவர்களை எச்சரிப்பதற்காக வைக்கப்படுவது. டக்டில் உள்ள உணரியோ, புகை கலந்த காற்றைக் கட்டடம் முழுவதும் கொண்டு சேர்த்துக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்துவதற்கும், டக்டுக்குள் புகையைத் தடுக்கும் மூடுதகடுகளான டாம்பர்களை மூடச் செய்வதற்கும் வைக்கப்படுவது. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் ஏற்பட்ட தீ விபத்தில் 85 பேர் இறந்தனர். தீ எரிந்தது பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான். ஆனால் லிஃப்ட் சுரங்கங்கள், படிக்கட்டுகள், குளிர்சாதனக் காற்று வழிகள் ஆகியவற்றின் வழியாக மேலேறிய புகை, தீயையே காணாத மேல்தளத்து மக்களில் பலரைக் கொன்றது. டக்டுக்குள் ஓர் உணரி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம், டக்டில் ஒன்று இருக்கிறதே என்று அறை உணரிகளைக் குறைத்துவிடவும் கூடாது. மின்விசிறி நின்றிருக்கும் நேரத்தில் டக்ட் உணரிக்குக் காற்றே வந்து சேராது. விசிறி ஓடும்போதும், ஓர் அறையில் எழும் புகை மற்ற அறைகளின் தூய காற்றோடு கலந்து நீர்த்துப்போன பிறகே அதை வந்தடையும்.

கேள்வி: காற்றைக் குளிரவைத்து டக்டுக்குள் தள்ளும் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டுக்கு அருகில், டக்ட் வளையும் இடத்தில் உணரியைப் பொருத்தியிருக்கிறார்கள். கை எட்டும் இடம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இது சரியா?

பதில்: கை எட்டுவது நல்லதுதான், ஆனால் காற்று ஒழுங்காக ஓடும் இடமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த உணரி டக்டுக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது; அதிலிருந்து இரண்டு குழாய்கள் டக்டுக்குள் நீள்கின்றன. துளைகள் இடப்பட்ட மாதிரிக் குழாய், காற்று வரும் திசையைப் பார்த்தபடி நின்று சிறிதளவு காற்றை உள்வாங்கிப் பெட்டிக்கு அனுப்புகிறது. உணரியைக் கடந்த காற்று மற்றொரு குழாய் வழியாக டக்டுக்கே திரும்புகிறது. இந்தப் பயணத்துக்குத் தனி மோட்டார் கிடையாது. இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு ஒன்றுதான் காற்றை நகர்த்துகிறது. வளைவு, கிளைக்குழாய், டாம்பர் ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் காற்று சுழன்று தடுமாறுவதால் அந்த வேறுபாடு நிலையாக இருப்பதில்லை. அதனால்தான் டக்டின் அகலத்தைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு தூரமாவது நேராக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்படி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவ்வளவு நீளமான நேர்ப்பகுதி பல கட்டடங்களில் கிடைக்காது என்பது உண்மை. அப்போது கிடைப்பதில் சிறந்த இடத்தைத் தேர்ந்து, அழுத்த வேறுபாட்டை மானோமீட்டரால் அளந்து, உற்பத்தியாளரின் கையேடு கூறும் வரம்புக்குள் அது இருப்பதை உறுதிசெய்த பிறகே ஏற்க வேண்டும்.

மாதிரிக் குழாய் டக்டின் அகலம் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். அதன் கடைசி முனையை அடைப்பானால் மூடியிருக்க வேண்டும். டக்ட் சுமார் 90 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் அந்த முனைக்கும் தாங்கல் தேவை. டக்டில் இட்ட துளைகளின் ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள்.

அறைகளுக்குக் காற்றை அனுப்பும் டக்டில் உணரியை ஃபில்டருக்குப் பிறகும் முதல் கிளை பிரிவதற்கு முன்பும் வைப்பது முறை. ஃபில்டரே தீப்பிடித்தால் அந்தப் புகையை அங்கேதான் பிடிக்க முடியும். அறைகளிலிருந்து திரும்பும் காற்றுக்கான டக்டில், வெளிக்காற்று வந்து கலக்கும் இடத்துக்கு முன்பாக வைக்க வேண்டும். எந்த அளவு காற்றோட்டத்துக்கு இது கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். என்எஃப்பிஏ 90ஏ என்ற அமெரிக்கத் தரநிலை, அனுப்பும் டக்டுக்கு நிமிடத்துக்கு 2,000 கன அடி என்பதை வரம்பாகக் கொண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து, உணரிப் பெட்டியின்மீது காந்தத்தை வைக்கிறார். தீ எச்சரிக்கைப் பேனலில் மணி ஒலிக்கிறது, விசிறி நிற்கிறது. அறிக்கையில் கையெழுத்திட்டுச் செல்கிறார். இது போதுமா?

பதில்: போதாது, இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி. காந்தச் சோதனை மின்சுற்றை மட்டுமே சோதிக்கிறது. உணரியிலிருந்து பேனலுக்கும் அங்கிருந்து விசிறிக்கும் செய்தி போகிறது என்பதை அது காட்டும். டக்டில் வரும் புகை உணரியை எட்டுமா என்பதை அது ஒருபோதும் காட்டாது. மாதிரிக் குழாயின் துளைகள் தூசியால் அடைபட்டிருக்கலாம், குழாய் எதிர்த்திசையில் திரும்பியிருக்கலாம், முனையின் அடைப்பான் விழுந்திருக்கலாம், பெட்டி மூடியின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்து அறைக்காற்று உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம். இந்த நான்கு குறைகளில் எது இருந்தாலும் காந்தத்தை வைத்தவுடன் மணி ஒலிக்கத்தான் செய்யும். நான் நேரில் பார்த்த ஒரு கட்டடத்தில், சீரமைப்பின்போது காற்றோட்டத்தின் திசை மாற்றப்பட்டிருந்தது. குழாயை யாரும் திருப்பவில்லை. அதற்குப் பிறகு நடந்த சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த உணரி தேறியதாகவே பதிவாகியிருந்தது.

எனவே ஒப்பந்தக்காரரிடம் இன்னும் இரண்டு சோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, விசிறி ஓடும்போது இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டை அளந்து எண்ணாகவே அறிக்கையில் எழுதுவது. பல கருவிகளுக்கு இது ஏறத்தாழ 2.5 முதல் 300 பாஸ்கல் வரை இருக்கலாம் என்றாலும், உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள வரம்பே முடிவானது. இரண்டாவது, இதற்கெனத் தயாரிக்கப்பட்டு உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்ட சோதனைப் புகையைச் செலுத்தி, உணரி உண்மையிலேயே புகையை உணர்ந்து செயல்படுவதைப் பார்ப்பது. காகிதத்தையோ துணியையோ கொளுத்திக் காட்ட விடாதீர்கள். அதன் கரி உள்ளே படிந்துவிடும். விசிறி நின்றதையும் டாம்பர் மூடியதையும் யாரேனும் அந்தந்த இடத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனெனில் டாம்பர் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தாலும் கட்டளை போய்ச் சேர்ந்ததாகவே பேனல் காட்டக்கூடும்.

கேள்வி: எங்கள் டக்ட் உணரி வாரம் ஒரு முறை காரணமின்றி எச்சரிக்கை எழுப்புகிறது. இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்று ஊழியர்கள் கேட்கிறார்கள்.

பதில்: துண்டிக்க வேண்டாம், காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இத்தகைய உணரிகளில் பெரும்பாலானவை, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டே புகையை அறிகின்றன. உள்ளே படிந்த தூசியும் அதேபோல் ஒளியைச் சிதறடிக்கும். கையேட்டில் கூறியபடி உணரியைத் தூய்மைப்படுத்துவதோடு நின்றுவிடாமல், அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள்: ஃபில்டர் தன் சட்டத்தில் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் காற்று நுழைகிறதா, கட்டடத்தில் அண்மையில் உடைப்பு வேலை நடந்ததா, வெளிக்காற்று நுழையும் வாயிலுக்கு அருகில் ஜெனரேட்டரின் புகைபோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரப்பதமூட்டிக்குப் பக்கத்திலோ, குளிர்ந்த டக்டின்மீது வெப்பமான அறைக்காற்று படும் இடத்திலோ உணரி இருந்தால் பெட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். அதுவும் பொய் எச்சரிக்கையைத் தரும். தூய்மைப்படுத்திய பின்னும் தொல்லை தொடர்ந்தால், உணரியின் உணர்திறனை உரிய கருவியால் அளக்கச் சொல்லி, வரம்பைத் தாண்டியிருந்தால் அதையே மாற்றிவிடுங்கள்.

வேலைக்காகச் சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தால், நிறுத்திய நேரத்தையும் நிறுத்தியவரின் பெயரையும் எழுதிய அட்டையைப் பேனலில் தொங்கவிட்டு, இணைப்பை மீண்டும் கொடுத்து ஒரு முறை சோதித்த பிறகே அந்த அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.