சிறுவயதில் பார்த்த தொடர்களை மீண்டும் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1987இல் ஞாயிறு காலைதோறும் தெருவே கூடிப் பார்த்த தூர்தர்ஷன் 'ராமாயணம்' தொடரை இப்போது பார்த்தால் மிகவும் மெதுவாகச் செல்கிறதே, என் பொறுமைதான் குறைந்துவிட்டதா?

பதில்: பொறுமையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ராமானந்த் சாகர் அந்த 78 பகுதிகளையும் வாரத்திற்கு ஒன்றாகப் பார்ப்பவர்களுக்காக எடுத்தார்; நாமோ ஒரே மாலையில் நான்கைந்து பகுதிகளைத் தொடர்ந்து ஓடவிடுகிறோம். ஒரு வசனம் முடிந்ததும் அவையிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் காட்டுவது இன்று நீட்டலாகத் தெரியலாம். ஆனால் இந்தி அறியாத நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த முகங்களைப் பார்த்துத்தான் கதையைத் தொடர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் பழைய சுவையில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

கேள்வி: 'மால்குடி டேஸ்' தொடரைப் பத்து வயதில் சிரித்துக்கொண்டே பார்த்தேன். இப்போது சுவாமி என்ற சிறுவன் வரும் பகுதிகளில் கண் கலங்குகிறது. இது ஏன்?

பதில்: நீங்கள் அமர்ந்திருக்கும் இடம் மாறிவிட்டது என்பதே காரணம். அன்று நீங்கள் சுவாமியின் பக்கம் இருந்ததால், கிரீஷ் கர்னாட் நடித்த தந்தை உங்களுக்குக் கணக்குக் கேட்டு மிரட்டும் ஒரு பெரிய உருவமாக மட்டுமே தெரிந்திருப்பார். பள்ளிக்குப் பயந்து சுவாமி ஊரைவிட்டு ஓடும் கட்டத்தில் குழந்தையின் மனம் அவனோடு காட்டுக்குள் செல்கிறது. பிள்ளை பெற்றவர்களின் மனமோ இரவெல்லாம் அவனைத் தேடும் தந்தையோடு நின்றுவிடுகிறது. ஒரே கதை இரண்டு வயதினருக்கும் இடம் வைத்திருப்பதுதான் ஆர்.கே. நாராயணின் எழுத்துக்கும் சங்கர் நாக்கின் இயக்கத்துக்கும் உள்ள பெருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இம்முறை எல். வைத்தியநாதனின் இசையையும், கர்நாடகத்தின் ஆகும்பே ஊரின் மழை ஈரத்தையும் சற்று நின்று கவனியுங்கள். சிறுவயதில் கதையின் அவசரத்தில் அவற்றைத் தவறவிட்டிருப்போம்.

கேள்வி: புதிய தொலைக்காட்சியில் பழைய தொடர்களின் முகங்கள் அகன்று தெரிகின்றன. சில பதிவுகளில் தலை வெட்டுப்படுகிறது.

பதில்: அவை அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதத்தில் அமைந்த சட்டத்தில் எடுக்கப்பட்டவை, இன்றைய திரை 16:9. திரையை நிரப்ப இழுத்தால் முகம் அகலும், மேலும் கீழும் வெட்டினால் படத்தின் கால் பங்கு போய்விடும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்து, இருபுறமும் கருப்புப் பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பதிவேற்றும்போதே வெட்டப்பட்டிருந்தால் வேறு பதிவைத் தேடுவதே வழி.

கேள்வி: 'விடாது கருப்பு' தொடரைப் பார்த்து இரவில் கொல்லைப்புறம் போக நடுங்கியவன் நான். இப்போது பயமே வரவில்லை, ஏமாற்றமாக இருக்கிறது.

பதில்: அன்றைய பயத்தில் பாதி தொடருடையது, பாதி உங்கள் வீட்டின் இருட்டுடையது, அடுத்த வாரம் வரை காத்திருந்த நாட்களில் அது வளர்ந்தது. ஆனால் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரில் பயத்தைவிட ஆழமான ஒன்று இருக்கிறது: குதிரையேறி வரும் காவல் தெய்வத்தைப் பற்றிய ஊரின் நம்பிக்கையையும், மனித மனத்தின் சிக்கலையும் அது ஒன்றையொன்று கேலி செய்யாமல் எதிரெதிரே நிறுத்துகிறது. முடிவு தெரிந்தபின் முதல் பகுதியிலிருந்து பாருங்கள், தடயங்கள் எவ்வளவு நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

கேள்வி: என் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். 'மால்குடி டேஸ்' தனித்தனிக் கதைகளாகவும் இருப்பதால், நடுவில் வந்து அமரும் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு.