பாட்டியின் சுரை விதையில் கசப்பு வந்தது ஏன்?

பாட்டியின் விதையில் முளைத்த சுரை கசப்பதற்கு, அதே பந்தலில் படர்ந்த பாகற்கொடி காரணமா என்று கேட்டிருந்தீர்கள். பாகற்கொடி காரணமன்று. சுரையும் பாகலும் வெவ்வேறு பேரினங்கள் என்பதால், பந்தலில் பின்னிப் படர்ந்தாலும் ஒன்றின் மகரந்தத்தால் மற்றொன்றில் விதை பிடிக்காது.

பாட்டியின் விதைகளில் முளைத்த மூன்று கொடிகளில் ஒன்று மட்டும் கசக்கிறது என்கிறீர்கள். வறட்சி காரணமென்றால் பெரும்பாலும் மூன்றுமே கசந்திருக்கும். சென்ற ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உங்கள் சாட்ஸ்வர்த் வீட்டு வேலிக்கு அப்பால் ஸூலு அண்டைவீட்டார் வளர்த்த குடுவைச் சுரையின் மீதுதான் என் ஐயம். அமாசித் தயிர் உறையவைக்கும் அந்தச் சுரையும் நம் கறிச்சுரையும் ஒரே இனம் என்பதால் ஒன்றோடொன்று கலக்கும். வடிவம், ஓட்டின் தடிப்பு, கசப்பு ஆகியவைதாம் வகைக்கு வகை மாறுகின்றன. கலப்பு நடந்த ஆண்டில் காயின் சுவை மாறாது, அதன் விதையில் மறு ஆண்டு முளைக்கும் கொடியில்தான் வெளிப்படும். நானும் இப்படித்தான் ஒரு நல்ல வகையைக் கோட்டைவிட்டேன்.

ஒவ்வொரு கொடியிலும் ஒரு பிஞ்சைச் சீவி, நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பிப் பாருங்கள். கசக்கும் கொடியைப் பிடுங்கிவிடுங்கள். மற்றவற்றில், அன்று மாலை மலரவிருக்கும் ஆண் மொட்டையும், அடியில் மயிரடர்ந்த சிறு பிஞ்சுடைய பெண் மொட்டையும் பிற்பகலிலேயே நூலால் கட்டி, அந்தி நேரத்தில் அவிழ்த்து, மகரந்தத்தைத் தடவியபின் பெண் பூவை மீண்டும் கட்டுங்கள். அந்தக் காயை மட்டும் விதைக்கு முற்ற விடுங்கள்.

கசந்த காயை வேகவைத்தாலும் அதிலுள்ள குக்கர்பிட்டசின் நச்சு நீங்காது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சாறாகவும் குடிக்க வேண்டாம்.