பேசாத வரிகள்

கேள்வி: அமெரிக்க நாடகம் என்றாலே வரவேற்பறை, குடும்பச் சண்டை என்று பழகிவிட்டோம். நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸின் பிரதியிலோ சில இடங்களில் பாத்திரப் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, வசனமே இல்லை. அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பெல்’. யாரும் பேசாவிட்டாலும் யார் யாரை எதிர்கொள்கிறார் என்பதை அந்தப் பெயர் வரிசை காட்டிவிடும். அடைப்புக்குறிக்குள் வரும் ‘ரெஸ்ட்’ அதைவிடச் சின்னது, மூச்சு வாங்கும் நேரம்தான். இரண்டையும் ஒரே நீளத்துக்கு நிறுத்தினால் காட்சி தொய்ந்துவிடும். ஸ்பெல்லை எப்படி நிரப்புவது என்பதை இயக்குநரிடமே விட்டுவிடுகிறார்.

இன்னொரு உத்தி, ஜாஸ் இசையிலிருந்து எடுத்த ‘ரெப் அண்ட் ரெவ்’, அதாவது திரும்பச் சொல்வதும் திருத்திச் சொல்வதும். ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறியிருக்கும். நடிகர்கள் தடுமாறுவதும் இங்கேதான்: மூன்றாம் சுற்றில் பேச வேண்டியதை முதல் சுற்றிலேயே பேசிவிட்டு, நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். அர்த்தத்தை வைத்து மனப்பாடம் செய்தால் நிற்காது. மாறுகிற சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

பதில்: கெர்ட்ரூட் ஸ்டைன், பெக்கெட், ஃபாக்னர் ஆகிய மூன்று எழுத்தாளர்களின் சாயலும் உண்டு. பார்க்ஸை நாடகம் எழுதத் தூண்டியவர், கல்லூரியில் அவருக்குக் கற்பித்த எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். 2002இல் புலிட்சர் பரிசு வாங்கிய ‘டாப்டாக்/அண்டர்டாக்’ ஒரே அறையில் நடப்பதால் யதார்த்த நாடகம்போல் தெரியும். ஆனால் அண்ணன் தம்பி பெயர்களைப் பாருங்கள்: லிங்கன், பூத்! அமெரிக்க அதிபர் லிங்கனைச் சுட்டுக் கொன்றவனின் பெயர்தான் பூத். அதே ஆண்டு நவம்பரில் தினம் ஒரு நாடகம் என்று தொடங்கி, ஓராண்டு விடாமல் எழுதினார். சில அரைப் பக்கம்கூட வராது.