பத்து மீட்டருக்காக ஒரு மோதல்

கேள்வி: ரக்பி லீக்கில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து டிரை அடிப்பவரைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நடுவில் முட்டி மோதி விழுகிற ஃபார்வர்ட்களின் வேலைதான் என்ன? ஒருவரை வைத்து விளக்குங்களேன்.
– வாசகர், வெண்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: சாம் பர்ஜஸை வைத்தே சொல்கிறேன். எனக்கு அவருக்கு மேல் ஒரு ஃபார்வர்ட் இல்லை.

அணியில் 13 பேர், அதில் ஆறு பேர் ஃபார்வர்ட்கள். ஆறு டேக்கிளுக்குள், அதாவது பந்தோடு ஓடுகிறவரை எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்துவதற்குள், பந்தை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ கொண்டுபோக வேண்டும். பிறகு அது எதிரணிக்கு. அந்த ஆறில் முதல் ஓட்டங்கள் பெரும்பாலும் ஃபார்வர்ட்களுடையவை. எதிரே மூன்று பேர் காத்து நிற்பது தெரிந்தே நேராக ஓட வேண்டும். பத்து மீட்டர் கிடைத்தால் நல்ல ஓட்டம். விழுந்து எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மூச்சு வாங்கும் முன்னே அடுத்த ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும். பந்து கைமாறினால் டேக்கிள் செய்வதும் இவர்களே. ஓரத்தில் ஒருவர் தடையில்லாமல் பறக்கிறார் என்றால், நடுவில் ஆறு பேர் எதிரணியைக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பர்ஜஸ் இங்கிலாந்தின் டியூஸ்பரி ஊர்க்காரர். ஆட்டத்துக்காக இழந்த கூலிக்கு ஈடு வேண்டும் என்ற பிரச்சினையில் வட இங்கிலாந்துக் கிளப்கள் 1895-ல், இன்று 15 பேர் ஆடும் ரக்பி யூனியனிலிருந்து தனியே பிரிந்தபோது பிறந்த ஆட்டம் இது. சுரங்கமும் ஆலையும் நிறைந்த வட்டாரங்களில் வேர்விட்டது. அவருடைய தந்தையும் ஆட்டக்காரர். மோட்டார் நியூரான் நோயால் 2007-ல் இறந்தார். அப்போது சாமுக்கு 18 வயது, பிராட்ஃபோர்டு புல்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2010-ல் ஆஸ்திரேலியாவின் சவுத் சிட்னி அணிக்கு வந்தார். அண்ணன் லூக்கும் இரட்டைத் தம்பிகள் டாமும் ஜார்ஜும் பின்னாலேயே வந்து, 2013-ல் நால்வரும் ஒரே ஆட்டத்தில் இறங்கினார்கள்.

கேள்வி: 2014 ஆஸ்திரேலிய ரக்பி லீக் இறுதி ஆட்டத்தில் பர்ஜஸ் எலும்பு முறிந்தும் ஆடினாராமே? அது வீரமா, விபரீதமா?
– வாசகி, ஆபர்ன்

பதில்: உண்மைதான். ஆட்டத்தின் முதல் ஓட்டம் அவருடையது. எதிரே வந்தவர் புல்டாக்ஸ் அணியின் ஜேம்ஸ் கிரஹாம், இங்கிலாந்து அணியில் அவருடன் சேர்ந்து ஆடியவர். தலையும் தலையும் மோதியதில் பர்ஜஸின் கன்ன எலும்பு முறிந்தது. முகம் வீங்கிக்கொண்டே போக, 80 நிமிடமும் களத்தை விட்டு அகலவில்லை. 30–6 என்ற கணக்கில் சவுத் சிட்னி வென்றது; 43 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கோப்பை. ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. முடிந்ததும் தரையில் மண்டியிட்டு அழுதார். மூத்த ரசிகர்களுக்கு அன்று 1970 நினைவு வந்திருக்கும். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அதே அணியின் கேப்டன் ஜான் சாட்லர், தொடக்கத்திலேயே தாடை உடைந்தும் கடைசிவரை ஆடி வென்றார்.

இருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கன்னமும் தாடையும் எலும்பு, ஒட்டிக்கொள்ளும். மூளை அப்படியல்ல. இன்று தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே அழைத்து மருத்துவர் சோதிக்கிறார். தேறாவிட்டால் அன்று திரும்ப முடியாது. இந்த விதியால் ஆட்டத்தின் வீரியமே போய்விட்டது என்று பேசுபவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

கேள்வி: பிறகு ஏன் ரக்பி யூனியனுக்குப் போய்த் தோற்றார்?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: தோற்றார் என்பது அநியாயம். இங்கிலாந்தின் பாத் கிளப் அவரைப் பெரும்பாலும் ஃபார்வர்டாக ஆடவைத்தது. இங்கிலாந்து அணியோ 2015 உலகக் கோப்பையில் பின்வரிசையில் சென்டராக நிறுத்தியது. ஓராண்டு மட்டுமே பழகிய ஆட்டத்தில் இரண்டு வெவ்வேறு வேலை! இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியதும் பழி அவர் தலையில் விழுந்தது. 2016-ல் சவுத் சிட்னிக்கே திரும்பினார். தோள்பட்டைக் காயம் விடவில்லை. 2019-ல் ஓய்வு பெற்றபோது வயது 30தான்.

கேள்வி: என் 13 வயது மகன் ஃபார்வர்டாகத்தான் ஆடுவேன் என்கிறான். விடலாமா?
– ஒரு தாய், டூங்காபி

பதில்: விடுங்கள் அம்மா. ஆனால் ஒரு நாள் பயிற்சிக்குக் கூடவே போய், டேக்கிள் எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள். பிடிக்கிறவனின் தலை, ஓடி வருகிறவனின் உடலுக்கு முன்னால் போகக் கூடாது. பக்கவாட்டில், கன்னம் அவன் இடுப்புக்குப் பின்புறம் ஒட்டியபடி இருக்க வேண்டும். முட்டுவது தோள். இதை மெதுவாக, திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற பயிற்சியாளர் என்றால் நம்பி அனுப்புங்கள். இல்லையென்றால் கிளப்பை மாற்றிவிடுங்கள்.